ஒரு மில்லிமீட்டர் இடம்: அக்கா வீட்டுச் சூடான தரையும் அம்மா வீட்டு வெடிச்ச தரையும்

போன வாரம் வந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த இழுவை, இருமல், நடுவுல கேட்ட குக்கர் விசில் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் வெச்சிருக்கேன்.

போன வருஷம் மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணி. வாரக்கடைசிக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்க ஊர் பாகூர் பக்கம். சாப்பிட்டுட்டு ஃபேனுக்குக் கீழ படுத்திருந்தப்போ அடுப்படியிலேர்ந்து 'டமார்'னு ஒரு சத்தம். சிலிண்டர்தான் வெடிச்சுடுச்சுன்னு நினைச்சு ஓடினேன்.

சிலிண்டருக்கு ஒண்ணும் ஆகலை. அம்மா தரையில உட்கார்ந்திருந்தாங்க, இடது பாதத்துலேர்ந்து ரத்தம். அவங்களுக்கு முன்னால ரெண்டு டைல்ஸ் ஒண்ணோட ஒண்ணு நெத்தி முட்டிக்கிட்டு, கூடாரம் மாதிரி எழும்பி நின்னுச்சு. யாரும் எதையும் போடலை, இடிக்கலை. தரை தானாவே எழும்பியிருக்கு. அம்மா பயந்து பின்வாங்கினப்போ உடைஞ்ச விளிம்பு கிழிச்சுடுச்சு. நாலு தையல். மத்தவங்களுக்குப் பத்து நாள்ல ஆறுற காயம்; அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கறதால ஆற ஆறு வாரம் ஆச்சு.

அந்தத் தரை போட்டு ஏழு மாசம்தான் ஆகியிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ போட்டேன். கனடாவுல பிராம்ப்டன்ல இருக்கற பெரியம்மா பொண்ணு, எங்க அக்கா, உடனே வீடியோ கால்ல வந்தாங்க. அம்மாவை விசாரிச்சுட்டு, கேமராவைத் தன் அடுப்படித் தரைக்குத் திருப்பினாங்க. ஆரஞ்சு கலர் ஷீட், அது மேல பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கேபிள். அவங்களும் மாமாவும் தரைக்கு அடியில எலக்ட்ரிக் ஹீட்டிங் போட்டு, அதுக்கு மேல டைல்ஸ் ஒட்டப் போறாங்களாம்.

"உங்க தரை சூட்டுல வெடிக்குது, நாங்க காசு கொடுத்துத் தரையைச் சூடாக்குறோம்டா"ன்னாங்க.

எனக்குத் தூக்கம் போச்சு. அவங்க தரை தினமும் சூடாகி ஆறப்போகுது. அது வெடிக்காதா? வெடிக்காதுன்னா, எங்க தரை மட்டும் ஏன் வெடிச்சுச்சு? இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

தரைக்குக் கீழ நெருப்பு, பழைய ஐடியாதான்

தரையைச் சூடாக்குறது புதுசு இல்லை. ரோமானியர்கள் குட்டிக் குட்டிச் செங்கல் தூண்கள் மேல தரையைத் தூக்கி நிறுத்தி, அதுக்குக் கீழ அடுப்போட சூடான காத்தை ஓடவிட்டாங்க. அதுக்குப் பேரு ஹைப்போகாஸ்ட்.

இதுல நம்ம ஊர் சங்கதி ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுலேர்ந்து வண்டியில போற தூரத்துல, அரியாங்குப்பத்தாண்ட அரிக்கமேடு. ரோமானிய வணிகத்தோட தடயங்களை அங்க 1945-ல தோண்டி எடுத்தவர் மார்ட்டிமர் வீலர். அதே மனுஷன் 1930களோட தொடக்கத்துல, மனைவி டெஸ்ஸாவோட சேர்ந்து, இங்கிலாந்துல செயின்ட் ஆல்பன்ஸ்ங்கற ஊர்ல தோண்டினப்போ, மொசைக் தரையும் அதுக்கு அடியில ஹைப்போகாஸ்ட்டும் கிடைச்சுது. இன்னைக்கும் அதைப் போய்ப் பார்க்கலாம். ஜாடியில மதுவும் எண்ணெயும் நம்ம கரைக்கு அனுப்பின அதே உலகம்தான், குளிர் நாட்டுல தரைக்குக் கீழ நெருப்பு வெச்சுது. நமக்கு அது தேவைப்படலை. நமக்கு நெருப்பு மேலேர்ந்து இலவசமா வருது.

பிராம்ப்டன்ல ஜனவரியில மைனஸ் பத்து, பதினஞ்சுன்னு போகும். டைல் தரையில வெறுங்கால் வைக்க முடியாது. ஆனா டைல்ஸ்தான் ஹீட்டிங்குக்குத் தோதான தரை. மரத்தை விட வேகமா சூட்டைக் கடத்தும், அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சிருக்கும்.

கணக்கு இதுதான். அக்காவோட அடுப்படி 130 சதுர அடி. கப்போர்டு, ஃப்ரிட்ஜ் நிக்கற இடத்துக்கு அடியில கேபிள் போடக் கூடாது. சூடு வெளிய போக வழியில்லாம கேபிளே கெட்டுப்போகும். அதையெல்லாம் கழிச்சா 70 சதுர அடி. சதுர அடிக்கு 12 வாட் வெச்சா 840 வாட். நம்ம வீட்டு அயர்ன் பாக்ஸ் அளவுகூட இல்லை. ரெண்டு கேபிள் வரிசைக்கு நடுவுல ஒரு சென்சார் படுத்திருக்கும். தரை 27, 28 டிகிரிக்கு வந்ததும் தெர்மோஸ்டாட் அணைச்சுடும்.

"தண்ணி புழங்கற இடத்துல கரண்டா?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. கேபிளைச் சுத்தி எர்த் ஆகற உலோகப் பின்னல் இருக்கும். தெர்மோஸ்டாட்டுல கசிவைக் கண்டுபிடிக்கற பிரேக்கர் இருக்கும். அங்க அது 5 மில்லியாம்பியர் கசிஞ்சாலே கட் பண்ணிடும். நம்ம வீட்டு மெயின் போர்டுல இருக்கற ஆர்.சி.சி.பி. வழக்கமா 30 மில்லியாம்பியர்.

அக்காவோட மூணு டெஸ்ட்

அக்கா செஞ்ச வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்சது மல்டிமீட்டர்தான். நான் சாஃப்ட்வேர்ல இருக்கறவன், டெஸ்ட்னா காது தானா திறந்துக்கும்.

240 வோல்ட், 840 வாட். ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலா: வோல்ட்டை வோல்ட்டால பெருக்கி, வாட்டால வகுக்கணும். 57,600-ஐ 840-ஆல வகுத்தா ஏறக்குறைய 68.5 ஓம். கேபிள் நல்லா இருந்தா மீட்டர்ல இதுக்குப் பக்கத்துல ஒரு எண் வரணும். கேபிளோட லேபிள்லயும் அந்த அளவு அச்சடிச்சிருக்கும். இதை மூணு தடவை பார்க்கணும்: பெட்டியைப் பிரிச்ச உடனே ஒண்ணு, கேபிளை விரிச்ச பிறகு ஒண்ணு, டைல்ஸ் ஒட்டின பிறகு ஒண்ணு. கேபிள் உள்ள எங்கயாவது அறுந்திருந்தா மீட்டர் ஒண்ணுமே காட்டாது. எர்த் பின்னலோட ஒட்டியிருந்தா அதுவும் தனியா தெரிஞ்சுடும்.

டைல் ஒட்டின பிறகு ரோல்பேக் கிடையாது. ப்ரொடக்‌ஷனுக்குப் போன மாதிரிதான். அதனால ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே கேபிள் முனையில ஒரு சின்ன அலாரம் கருவியை மாட்டி வெச்சிருந்தாங்க. மூணாவது வரிசையில மாமாவோட கரணை கேபிளைச் சீவிடுச்சு, அலாரம் கத்திடுச்சு. பசை ஈரமா இருந்ததால டைலை எடுத்து, ரிப்பேர் கிட் வெச்சு இணைச்சுட்டாங்க. அந்த அலாரம் இல்லைன்னா, முதல் பனிக்காலத்துலதான் தெரிஞ்சிருக்கும். அப்போ மொத்தத் தரையையும் உடைக்கணும்.

இன்னும் ரெண்டு விஷயம் கவனிச்சேன். ஒண்ணு, அந்த ஆரஞ்சு ஷீட். கேபிளைப் பிடிச்சு வைக்கறது மட்டும் அதோட வேலை இல்லை. கீழ இருக்கற தரை ஒரு அளவு நகரும், மேல இருக்கற டைல் வேற அளவு நகரும். ரெண்டையும் நேரா ஒட்டினா ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும். நடுவுல இந்த ஷீட் இருந்தா அந்த இழுபறி டைலுக்கு வராது. ரெண்டாவது, சுவரோரம் முழுக்க விரல் நுழையற அளவு இடைவெளி. "அந்த இடம் தரை மூச்சு விடறதுக்கு"ன்னாங்க அக்கா.

அதோட, பசையைச் சீக்கிரம் காய வைக்க ஹீட்டரைப் போடக் கூடாது. கம்பெனியைப் பொறுத்து ஒரு வாரத்துலேர்ந்து நாலு வாரம் வரைக்கும் காத்திருக்கணும். அதுக்கப்புறமும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்.

எங்க தரையை எழுப்பினது பித்தகோரஸ்

இப்போ எங்க அடுப்படிக்கு வருவோம். வீட்டுக்குப் பின்னாடி நீட்டிக் கட்டினது. 13-க்கு 10 அடி. மேல ஷீட் கூரை, மேற்குப் பார்த்த கதவு. மே மாசம் மூணு மணி வெயில் நேரா தரையில விழும். அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் இல்லைன்னாலும் அதே வேலையைச் சூரியன் செய்யுது, தெர்மோஸ்டாட் மட்டும் கிடையாது.

பீங்கான் டைல் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, 0.007 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். எங்க அடுப்படி நீளம் 4 மீட்டர். டைல், கீழ இருக்கற தளத்தை விட 20 டிகிரி அதிகமா சூடானா, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளும். அவ்வளவுதான்.

ஆனா கீழ இன்னொண்ணு நடந்துக்கிட்டு இருந்துச்சு. சிமெண்ட் தளம் காயக் காயச் சுருங்கும். மீட்டருக்கு 0.3-லேர்ந்து 0.5 மில்லிமீட்டர்னு வெச்சா, 4 மீட்டருக்கு 1.2-லேர்ந்து 2 மில்லிமீட்டர். அதுல பெரும்பகுதி முதல் சில மாசத்துலயே நடந்துடும். நாங்க தளம் போட்டு ரெண்டே வாரத்துல டைல்ஸ் ஒட்டிட்டோம். ஏன்னா கார்த்திகையில அண்ணன் கல்யாணம், சொந்தக்காரங்க வர்றாங்க, சமையல்கட்டு ரெடியா இருக்கணும்.

மேல நீளுது, கீழ சுருங்குது. மொத்தத்துல ரெண்டு மில்லிமீட்டருக்கு இடம் இல்லை. டைல்ஸ் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, சுவருக்குச் சுவர் இறுக்கிப் போட்டிருக்கு. அந்த ரெண்டு மில்லிமீட்டர் எங்க போகும்?

மேலதான் போகும். பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. 600 மில்லிமீட்டர் டைல் ரெண்டு, பக்கத்துல பக்கத்துல. ரெண்டுக்கும் சேர்த்து 1,200 மில்லிமீட்டர் வேணும், ஆனா 1,199 தான் இருக்கு. ஒரே ஒரு மில்லிமீட்டர் குறையுது. ரெண்டும் நடுவுல எழும்பிக் கூடாரம் ஆனா எவ்வளவு உயரம் போகும்? பக்கம் 600, அடி 599.5, பித்தகோரஸ் போடுங்க. 24 மில்லிமீட்டருக்கு மேல வருது. கிட்டத்தட்ட ஒரு அங்குலம்.

இந்த எண்ணை முதல் தடவை போட்டப்போ நான் நம்பலை, மறுபடி போட்டேன். ஒரு மில்லிமீட்டர் குறைஞ்சா ஒரு அங்குலம் எழும்புது. அது மெதுவா எழும்பறதும் இல்லை. பசை பிடிச்சிருக்கற வரைக்கும் அழுத்தம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். எந்த இடத்துல பிடிமானம் குறைவோ, அங்க ஒரு நொடியில விட்டுடும். 'டமார்' அதுதான்.

பிடிமானம் ஏன் குறைவு? வில்லியனூர்க்காரங்களுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். வில்லியனூர் சுடுமண் வேலை புவிசார் குறியீடு வாங்கினது. அங்க வாங்கின மண்பானை தண்ணியை உறிஞ்சும், அதனாலதான் உள்ள தண்ணி குளிருது. விட்ரிஃபைடு டைல் அதுக்கு நேரெதிர். எடையில அரை சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது. பழைய சிவப்பு ஓட்டுக்கல்லா இருந்தா சிமெண்ட் பால் உள்ள இறங்கிப் பிடிச்சுக்கும். விட்ரிஃபைடுல சிமெண்ட் பாலுக்கு இறங்கிப் பிடிக்க வழி இல்லை. அதுவும் நாலு மூலையிலயும் நடுவுலயும் கலவை உருண்டை வெச்சு அழுத்தினா, மத்த இடமெல்லாம் வெறும் காத்து. அக்கா வீட்டுல அப்படிக் காத்து இருந்தா சூடு மேல வராது. எங்க வீட்டுல காத்து இருந்ததால டைல் விட்டுக்கொடுத்துடுச்சு.

"நான் சொன்னேனே தம்பி"

இவ்வளவு கணக்கையும் போட்டு வெச்சுக்கிட்டு, மேஸ்திரி அண்ணனை வரச் சொன்னேன். வில்லியனூர்லேர்ந்து வர்றவர், எங்க சுத்துப்பட்டுல பாதி வீட்டுக்கு அவர்தான் தரை போட்டவர். அம்மா கால்ல கட்டோட உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு உள்ள கோபம். தப்பு அவர் மேலதான்னு முடிவே பண்ணியிருந்தேன்.

அவர் வந்ததும் முதல்ல அம்மா காலைப் பார்த்தார். அப்புறம் பாக்கெட்டுலேர்ந்து ஒரு அஞ்சு ரூபாய் காசு எடுத்து, தரை முழுக்கக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தட்டிக்கிட்டே போனார். நல்லா பிடிச்ச இடத்துல 'டக் டக்'னு கட்டியா கேக்குது. பிடிக்காத இடத்துல 'டொப் டொப்'னு வெத்துப் பானை மாதிரி. மூணுல ஒரு பங்கு டொப்.

எழுந்து நின்னு சொன்னார்: "கேப் விடணும்னு நான் சொன்னேனே தம்பி. நீங்கதான் போன்ல ஒரு படம் காட்டி, கோடே தெரியக் கூடாது, பளிங்கு மாதிரி ஒரே சீட்டா இருக்கணும்னீங்க. தளம் ஒரு மாசமாவது காயட்டும்னேன். கல்யாணத்துக்கு முன்னாடி முடிக்கணும்னீங்க."

எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. இன்ஸ்டாகிராம்ல பார்த்த ஏதோ ஒரு சமையலறை. நான்தான் காட்டினேன். கலவை உருண்டை வெச்சது அவர் பழக்கம், அதை அவரும் மறுக்கலை. ஆனா இடம் கொடுக்காதது நான், நேரம் கொடுக்காததும் நான். ஆபீஸ்ல மேனேஜர் டெட்லைனுக்காக டெஸ்டிங்கை வெட்டினா எவ்வளவு புலம்புவேன்! ஊர்ல வந்து அதையே இன்னொருத்தர் தொழில்ல செஞ்சிருக்கேன்.

அம்மாகிட்டயும் அவர்கிட்டயும் சொல்லிட்டேன், தப்பு என் பக்கமும் இருக்குன்னு. அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம்.

ரெண்டாவது தரை

ஆடி மாசத்துல ஆரம்பிக்கவே கூடாதுன்னு ஆயா நின்னுட்டாங்க. சரின்னு ஆவணி வரைக்கும் காத்திருந்தோம். அதுக்குள்ள தளத்துக்குப் பத்து மாசம் ஆகியிருந்துச்சு, சுருங்க வேண்டியதுல பெரும்பகுதி சுருங்கிடுச்சு. ஆயா பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னதை என் கணக்கும் ஒத்துக்கிச்சு.

செஞ்சதை வரிசையா சொல்றேன், உங்க வீட்டுக்கும் உதவும்.

பழைய டைல்ஸ் முழுக்க எடுத்தோம். டொப்னு கேட்ட இடத்தை மட்டும் எடுத்தா, அழுத்தம் பக்கத்து டைலுக்குப் போகும். உடைக்கும்போது வர்ற தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு, நல்ல மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் செஞ்சாங்க.

சிமெண்ட் பாலுக்குப் பதிலா டைல் பசை. மூட்டையில ஐ.எஸ். 15477-ன்னு எண்ணும், டைப் 1-லேர்ந்து 5 வரைக்கும் ஒரு வகையும் போட்டிருக்கும். வெயில் விழற இடம்கறதால டைப் 3 எடுத்தோம். 20 கிலோ மூட்டை ஏறக்குறைய 45-லேர்ந்து 50 சதுர அடிக்கு வருது. எங்களுக்கு மூணு மூட்டை.

பல் வெச்ச கரணையில ஒரே திசையா கோடு கோடா இழுத்து, டைலோட முதுகுலயும் மெல்லிசா தடவி, அழுத்தி உட்கார வெச்சாங்க. மேஸ்திரி அண்ணன் முதல்ல "கோந்துல ஒட்டி நிக்குமா"ன்னு சந்தேகமாத்தான் இருந்தார். மூணாவது டைலை வெச்ச உடனே திருப்பி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். முதுகு முழுக்கப் பசை பரவியிருந்துச்சு, வெள்ளையா ஒரு இடம்கூட விடலை. அதுக்கப்புறம் அவரே அப்பப்போ ஒண்ணை எடுத்துப் பார்த்துக்கிட்டார்.

டைலுக்கு டைல் 3 மில்லிமீட்டர் ஸ்பேசர். அதுல போடற கிரவுட் பெருசா நசுங்காது, ஆனா விளிம்பும் விளிம்பும் நேரா மோதாது. உண்மையான இடம் சுவரோரம்: சுத்தி 8-லேர்ந்து 10 மில்லிமீட்டர். ஸ்கர்ட்டிங் அதை மறைச்சுடும், வெளிய தெரியாது. அந்த இடைவெளியில கலவை விழுந்து அடைக்காம பார்த்துக்கணும். அடைச்சா விட்டதுக்கே அர்த்தமில்லை. வாசப்படியில ஹால் தரையும் அடுப்படித் தரையும் சேர்ற இடத்துல கிரவுட் போடாம சிலிகான் போட்டோம். பெரிய ஹாலா இருந்தா, வீட்டுக்குள்ள 20-25 அடிக்கு ஒரு தடவை, வெயில் விழற இடத்துல 8-12 அடிக்கு ஒரு தடவை, இப்படி வளையற ஜாயிண்ட் விடணும்னு அமெரிக்க டைல் கவுன்சிலோட கையேடு சொல்லுது.

டைலும் பளபளப்பு வேண்டாம்னு மேட் ஃபினிஷ் எடுத்தோம். மேற்குக் கதவுக்கு மேல ஒரு சின்னச் சாய்ப்பு இறக்கினோம். நம்ம ஹீட்டருக்கு அதுதான் தெர்மோஸ்டாட்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு கட்டறவங்க நிஜமாவே எலக்ட்ரிக் ஹீட்டிங் போடறதா இருந்தாலும் இதே விதிதான். முழுப் பசை, சுவரோர இடைவெளி, அவசரமில்லாத காய்ச்சல். கூடுதலா ஒரு மல்டிமீட்டரும், லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியனும்.

கோடு தெரியுதான்னு கேட்டா, தெரியுது. மூணு மில்லிமீட்டர் சாம்பல் கோடு, கட்டம் கட்டமா. படத்துல பார்த்த மாதிரி இல்லை.

புதுத் தரை போட்ட பிறகும் அம்மா ரொம்ப நாள் அந்த இடத்தை மிதிக்கலை. அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவுல, நேரா போகாம சுத்திக்கிட்டுப் போவாங்க. கேட்டா "பழக்கம்டா"ம்பாங்க. அக்கா ஐப்பசியில முதல் தடவையா ஹீட்டிங்கைப் போட்டு, வெறுங்கால்ல நின்னு வீடியோ அனுப்பினாங்க. அம்மா அதைப் பார்த்துட்டு எதுவும் சொல்லலை.

இந்த வருஷம் மே மாசம் லீவு போட்டு ஊர்லயே இருந்தேன். ஒரு மத்தியானம் அடுப்படியிலேர்ந்து சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, அம்மா குட்டி முக்காலியில உட்கார்ந்து, கையில அஞ்சு ரூபாய் காசை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு டைலா தட்டிக்கிட்டு இருக்காங்க. டக். டக். டக். அந்த இடத்துக்கு வந்ததும் ரெண்டு தடவை தட்டினாங்க.

"கட்டியாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து, அது மேலயே நடந்து போய் அடுப்பைப் பத்த வெச்சாங்க.

அவ்வளவுதான் மக்களே. இன்னைக்கே ஒரு காசு எடுத்து உங்க வீட்டுத் தரையைத் தட்டிப் பாருங்க. டொப்னு கேட்டா, வெயில் காலத்துக்கு முன்னாடியே உங்க மேஸ்திரியைக் கூப்பிடுங்க. கூப்பிட்டா, அவர் கேக்கற நாளையும் கேப்பையும் கொடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.